நீர் கெட்டிப்படும் வேகம்

வாட்டர் ஸ்கீயிங் எனப்படும் நீர்ச்சறுக்கில் வீரர் துடுப்புப் போடுவதில்லை, நீந்துவதில்லை, பாய் விரிப்பதும் இல்லை. முன்னே ஓடும் விசைப்படகிலிருந்து வரும் கயிற்றின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, காலில் கட்டிய பலகையின் மேல் நின்றபடி ஏரியைக் கடக்கிறார். படகு நின்றால் அடுத்த சில நொடிகளில் அவரும் மூழ்கிவிடுவார். மிதவை என்ற பொருளில் அந்தப் பலகை ஏறத்தாழ ஒன்றுக்கும் உதவாது. 70 கிலோ எடையுள்ள ஒருவரைத் தாங்கும் அளவுக்கு அது நீரை இடம்பெயர்ப்பதில்லை. அவரைத் தாங்குவது வேகம்தான்.

அந்தத் தாங்கலின் கணக்கு எளியது. ஓடும் பரப்பின் மேல் நீர் தரும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 36 கி.மீ. என்பது நொடிக்கு 10 மீட்டர். அந்த வேகத்தில் நீர் நேராக மோதினால் 50,000 பாஸ்கல் அழுத்தம் பிறக்கும், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 5 டன் எடைக்கு ஈடான தள்ளல். பலகை நேராக மோதுவதில்லை. முனையைத் தூக்கிச் சிறு கோணத்தில் சாய்ந்து போவதால் அதில் ஏழில் ஒரு பங்குபோல மட்டுமே மேல்நோக்கிக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் 70 கிலோவைத் தாங்க 0.1 சதுர மீட்டர் நனைந்த பரப்பு போதும். வேகம் ஒன்றரை மடங்கானால் அழுத்தம் இரண்டேகால் மடங்காகும், தேவைப்படும் பரப்பு பாதிக்கும் கீழே போகும். அதனால்தான் வேகம் கூடக்கூடப் பலகை நீரைவிட்டு மேலெழுந்து, பின்பகுதியில் கொஞ்சம் மட்டும் நனைந்தபடி ஓடுகிறது.

இந்தக் கணக்கைக் கடைசிவரை நீட்டினால் பலகையே தேவையில்லாத ஓர் எல்லை வரும். உள்ளங்கால் இரண்டின் பரப்பே போதும் என்ற வேகம் அது. 1947இல் புளோரிடாவின் வின்டர் ஹேவனில் ஏ. ஜி. ஹான்காக் என்ற இளைஞர் வெறுங்காலில் சறுக்கிக் காட்டினார். வெறுங்கால் சறுக்குநர்களிடம் ஒரு வாய்ப்பாடு புழக்கத்தில் உண்டு: உடல் எடையைப் பவுண்டில் எடுத்து, பத்தால் வகுத்து, இருபதைக் கூட்டினால் வேண்டிய வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். 70 கிலோக்காரருக்கு அது மணிக்கு 57 கி.மீ. அருகே வருகிறது. அனுபவத்தில் கண்ட எண் அது. இருமடிக் கணக்கோடு முரண்படவில்லை.

விளையாட்டின் பிறப்பிடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் அகன்ற பகுதியான பெப்பின் ஏரி. லேக் சிட்டி ஊரைச் சேர்ந்த ரால்ஃப் சாமுவேல்சன், பனியில் சறுக்க முடிந்தால் நீரில் ஏன் முடியாது என்று 1922இல் முயன்று பார்த்தார். பீப்பாய்ப் பலகைகள் மூழ்கின. பனிச்சறுக்குப் பலகைகளும் மூழ்கின. பனிக்குப் போதுமான அகலம் நீருக்குப் போதவில்லை. பிறகு 8 அடி நீளம், 9 அங்குல அகலமுள்ள இரண்டு பைன் பலகைகளை வாங்கி, முனைகளை அம்மாவின் செப்புப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து வளைத்தார். கால் மாட்டத் தோல்பட்டை, இழுக்கச் சன்னல் கயிறு, கைப்பிடிக்குக் கொல்லர் அடித்துத் தந்த இரும்பு வளையம். அண்ணன் பென் படகோட்டினார். பல நாள் தோல்விக்குப் பிறகு, பின்னால் சாய்ந்து பலகை முனைகளை நீருக்கு மேலே நிறுத்திக்கொண்டால் எழ முடிகிறது என்பதை ஜூலை 2 அன்று கண்டுகொண்டார். மறுநாள் அவருக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள். 1925இல் பன்றிக்கொழுப்புத் தடவிய சாய்தளத்தின் மேலேறிக் குதித்தும் காட்டினார்.

அவர் காப்புரிமை கேட்கவில்லை. அதே 1925இல் நியூயார்க்கின் ஃபிரெட் வாலர் தம்முடைய பலகைகளுக்குக் காப்புரிமை பெற்று விற்கத் தொடங்கினார். பின்னாளில் சினிராமா என்ற அகலத்திரை முறையை உருவாக்கியவரும் இவரே. கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு நெடுங்காலம் வெவ்வேறு பதில்கள் உலவின. சாமுவேல்சனே முதல்வர் என்று அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் ஒப்புக்கொண்டது 1966இல்தான். வான்கோழி வளர்த்த அந்த மனிதர் நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கீகாரம் தாமதமாக வருவது இந்த விளையாட்டின் பழக்கம் என்றே தோன்றுகிறது.

கருவிகளில் இன்றுவரை அதிகம் மாறியது பலகைதான். பைன் மரம் போய் ஒட்டுமரம் வந்தது, ஒட்டுமரம் போய்க் கண்ணாடியிழை வந்தது, இப்போது போட்டிப் பலகைகள் நுரை உள்ளீட்டின் மேல் கார்பன் இழை போர்த்தியவை. எடை குறைந்தது முக்கியமல்ல. முறுக்கும்போது வளையாத விறைப்பே கார்பனின் உண்மையான பலன். புதியவர் அகலமான இரு பலகைகளில் நிற்கிறார். தேறியவர் ஒற்றைப் பலகைக்கு மாறி, ஒரு காலுக்குப் பின்னால் இன்னொரு காலை வைக்கிறார். ஒற்றைப் பலகையின் அடிப்பாகம் குழிவாக இருக்கும். சாய்த்துத் திருப்பும்போது அந்தக் குழிவு நீரைப் பிடித்துக்கொள்கிறது. பின்முனையின் அடியில் ஓர் அலுமினியத் துடுப்புத் தகடு உண்டு. அது இல்லாவிட்டால் பலகை பக்கவாட்டில் வழுக்கிப்போகும். தகட்டை முன்னோ பின்னோ மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தினாலே திருப்பத்தின் தன்மை மாறிவிடுகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பையில் வெர்னியர் அளவியை வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

கயிற்றுக்கு இரண்டு குணம் வேண்டும்: மிதக்க வேண்டும், அதிகம் நீளக் கூடாது. பாலிபுரொப்பிலீன் நீரைவிட அடர்த்தி குறைந்தது, ஆகவே மிதக்கும். மூழ்கும் கயிறு படகின் சுழலியில் சிக்கினால் இன்ஜின் நின்றுபோகும். நீளும் கயிறு இன்னொரு வகையில் கெடுதல் செய்யும்: பிடி நழுவிய கணத்தில் சேமித்த ஆற்றலோடு படகை நோக்கிப் பாயும். சில போட்டிப் பிரிவுகளில் நீளாத உயர்வகை இழைக் கயிறுகள் விரும்பப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உயிர்காப்பு அங்கியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீரில் கிடக்கும் மனித உடல் ஏறத்தாழ மிதக்கும் நிலையிலேயே இருப்பதால், 50 நியூட்டன் கூடுதல் மிதவிசை தரும் அங்கி நீந்தத் தெரிந்தவருக்குப் போதுமென்று கருதப்படுகிறது. நீந்தத் தெரியாதவர் இந்த விளையாட்டின் பக்கமே வரக் கூடாது. நியோபிரீன் உடையைக் குளிருக்கான ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் விழுந்து பார்த்ததில்லை. மணிக்கு 58 கி.மீ. வேகத்தில் நேராக மோதும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தையும் மிஞ்சும். செவிப்பறை கிழியலாம், உடலின் துளைகள் வழியே நீர் பாய்ந்து உள்காயம் ஏற்படுத்தலாம். அரைக்கால் நியோபிரீன் உடை பெண்களுக்கும் ஆண்களுக்கும் கட்டாயத் தேவை என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

செலவில் பெரும்பகுதி படகுக்குப் போகிறது. அறிவியலும் அங்கேதான் அதிகம். சீராக ஓடும் ஒருவரை இழுக்க எவ்வளவு திறன் வேண்டும்? 70 கிலோக்காரர் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும்போது நீரின் இழுவையும் காற்றின் எதிர்ப்பும் சேர்ந்து சுமார் 250 நியூட்டன் என்று கொண்டால், தேவைப்படுவது 4 கிலோவாட்டுக்கும் குறைவு. தெருவில் ஓடும் 110 சிசி ஸ்கூட்டர் அதைவிட அதிகம் தரும். ஆனால் போட்டிப் படகுகளில் 300 குதிரைத்திறனைத் தாண்டிய இன்ஜின்கள் இருக்கின்றன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள படகு தானே நீருக்கு மேல் எழுந்து ஓட வேண்டியிருப்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், நீரில் அமர்ந்திருக்கும் ஆளைச் சில நொடிகளில் எழுப்புவது. தொடக்கத்தில் பலகை முழுதும் நீருக்குள் குறுக்காக நிற்கிறது, இழுவை உச்சத்தில் இருக்கிறது.

கயிற்றைப் படகின் பின்முனையில் கட்டுவது சாதாரணச் சுற்றுலாப் படகுகளின் வழக்கம். போட்டிப் படகில் அது நடுப்பகுதியில் நிற்கும் தூணில் கட்டப்படுகிறது. ஆட்டக்காரர் பக்கவாட்டில் பலமாக இழுக்கும்போது, பின்முனையில் கட்டிய கயிறு படகின் வாலைத் திருப்பிவிடும். நிறைமையத்துக்கு அருகே கட்டினால் அந்தத் திருப்புவிசை சிறுத்துவிடுகிறது. 1961இல் வந்த ஸ்கீ நாட்டிக், 1968இல் வந்த மாஸ்டர்கிராஃப்ட் ஆகிய படகு வகைகள் இந்த அமைப்பை நிலைநாட்டின. இப்போது வேகத்தைக் கைக்கு விடுவதில்லை. ஜிபிஎஸ் வழிக் கட்டுப்பாடு பார்த்துக்கொள்கிறது.

பெங்களூரில் இதே படகை ஓட்டினால் இன்னொரு காரணியும் சேரும். அந்நகரின் ஜீவனஹள்ளியும் அதைச் சுற்றியுள்ள காக்ஸ் டவுன், மாருதி சேவா நகர் பகுதிகளும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினின் திறனும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். நீரின் அடர்த்தியோ மாறுவதில்லை. ஆகவே கோவாவில் சிரமமின்றி ஆளைத் தூக்கும் படகு இங்கே திணறக்கூடும். மலையேரிகளில் படகோட்டுபவர்கள் இதற்குக் காணும் வழி, சாய்வு குறைந்த சுழலியை மாட்டுவது. உச்சவேகம் கொஞ்சம் போகும், எழுப்பும் வலு திரும்பும்.

போட்டியாக ஆடும்போது மூன்று பிரிவுகள். தந்திரப் பிரிவில் 20 நொடி கொண்ட இரண்டு ஓட்டங்களில் எத்தனை சுழற்சி, எத்தனை புரளல் என்பதற்குப் புள்ளிகள். தாண்டல் பிரிவில் நீரில் மிதக்கும் சாய்தளத்தின் மேலேறிப் பறக்க வேண்டும். படகின் வேகம் மணிக்கு 57 கி.மீ.தான், ஆனால் பக்கவாட்டில் வெட்டி வருவதால் ஆட்டக்காரரின் வேகம் 100 கி.மீ.யைத் தாண்டுகிறது. முன்னணி ஆண்கள் 70 மீட்டருக்கு மேல் தாண்டியிருக்கிறார்கள்.

மூன்றாவதான ஸ்லாலம்தான் இயற்பியலுக்கு நல்ல விருந்து. ஓடுபாதையின் நீளம் 259 மீட்டர். நுழைவாயிலிலிருந்து முதல் மிதவைக்கு 27 மீட்டர், பிறகு ஒவ்வொன்றுக்கும் 41 மீட்டர் என ஆறு மிதவைகள், கடைசியில் மறுபடி 27. மிதவைகள் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, மாறி மாறி இருபுறமும் இருக்கின்றன. படகு நடுவே நேராகப் போகிறது, ஆட்டக்காரர் ஆறையும் சுற்றி வர வேண்டும். ஆண்களுக்கான உச்ச வேகம் 58 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்கு இரண்டரை நொடி. அதற்குள் அவர் 23 மீட்டர் குறுக்கே கடந்து, நின்று திரும்பியும் ஆக வேண்டும்.

உச்ச வேகத்தில் முழு ஓட்டத்தையும் முடித்தவருக்கு அடுத்த சோதனை, கயிற்றைக் குறைப்பது. 18.25 மீட்டரில் தொடங்கி 16, 14.25, 13, 12 என்று இறங்கி 11.25க்கு வரும்போது வேடிக்கை ஆரம்பிக்கிறது. கயிறு இப்போது மிதவை இருக்கும் தொலைவைவிடக் குட்டை. படகுக்குச் செங்குத்தாக முழுதும் விரித்துப் பிடித்தாலும் கைப்பிடி மிதவையை எட்டாது. மீதித் தூரத்தை நீட்டிய ஒரு கையும், ஏறத்தாழக் கிடைமட்டமாகச் சாய்ந்த உடலும் நிரப்ப வேண்டும். பலகை மிதவையைச் சுற்றிப் போகிறது, தலை உள்ளே இருக்கிறது. கயிறு 10.25, 9.75 மீட்டர் வரையிலும் குறைகிறது. அந்த நீளத்தில் ஆறு மிதவைகளையும் எண்ணிக் கடப்பது அரிது. இரண்டு, மூன்று மிதவைகளே வெற்றியைத் தீர்மானிக்கின்றன.

படகுக்குள் ஓட்டுநரைத் தவிர ஒரு பார்வையாளர் பின்னோக்கி உட்கார்ந்திருப்பது பல இடங்களில் கட்டாயம். இன்ஜின் இரைச்சலில் குரல் கேட்காது, ஆகவே சைகைதான் மொழி. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்தின் குறுக்கே கை போனால் நிறுத்து, தலையில் தட்டினால் கரைக்குத் திரும்பு. விழுந்தவர் உடனே கையை உயர்த்திக் காட்டினால் நலமாக இருக்கிறார் என்று பொருள். காட்டாவிட்டால் படகு மற்றதையெல்லாம் விட்டு அவரிடம் ஓடும்.

இவ்வளவு நுணுக்கமும் துணிவும் உள்ள விளையாட்டுக்கு உலகம் கொடுத்த இடம் என்ன? 1939இல் அமெரிக்கச் சங்கம் தோன்றி, நியூயார்க் அருகே ஜோன்ஸ் பீச்சில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1946இல் உலக அமைப்பு. 1949இல் பிரான்சின் ழுவான்லேபேன் கடற்கரையில் முதல் உலகப் போட்டி. அமெரிக்காவின் வில்லா வர்திங்டன் அதில் வென்று, மணமான பின் வில்லா மெக்வயர் என்ற பெயரில் மேலும் பட்டங்கள் சேர்த்தார். பொதுமக்களிடம் விளையாட்டைக் கொண்டுசேர்த்ததில் புளோரிடாவின் சைப்ரஸ் கார்டன்ஸ் என்ற பூங்காவுக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே நடந்த மனிதக் கோபுரக் காட்சிகள் ஹாலிவுட் படங்களுக்குப் போயின. காட்சியாக வென்றதே விளையாட்டாக ஏற்கப்படுவதற்குத் தடையாயிற்று என்றும் சொல்லலாம்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கின்போது கீல் நகரில் நீர்ச்சறுக்கு காட்சிப் போட்டியாக நடத்தப்பட்டது. பதக்கப் பட்டியலில் சேரவில்லை, பிறகும் சேரவில்லை. இயந்திர உந்துவிசையை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுகளை ஒலிம்பிக் சாசனம் நெடுங்காலம் ஏற்கவில்லை. வெற்றி இன்ஜினுடையதா ஆளுடையதா என்ற சந்தேகமே அந்த விதியின் உட்பொருள். கார் பந்தயத்துக்கு அது பொருந்தும். எல்லாருக்கும் ஒரே படகு, ஒரே வேகம், கணினிக் கட்டுப்பாடு என்றிருக்கும் ஸ்லாலத்துக்குப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. விலக்கப்பட்ட விளையாட்டு வேறு மேடைகளைத் தேடிக்கொண்டது: 1981 முதல் உலக விளையாட்டுகள், 1995 முதல் பான் அமெரிக்கப் போட்டிகள், தென்கிழக்கு ஆசியப் போட்டிகள். மாற்றுத்திறனாளிகளுக்கு அமர்ந்தபடி சறுக்கும் பலகைகள் உண்டு, அவர்களுக்கெனத் தனி உலகப் போட்டியும் உண்டு.

விதியைச் சுற்றிப் போக ஒரு வழியும் கிடைத்தது. ஜெர்மனியின் புரூனோ ரிக்சன் 1960களில் படகையே நீக்கினார். ஏரியைச் சுற்றிக் கோபுரங்கள் நட்டு, மின்மோட்டார் சுழற்றும் கம்பிவடத்தில் கயிறுகளைக் கோத்து, ஒரே நேரத்தில் பலரை இழுக்கும் அமைப்பு அவருடையது. அகலமான ஒற்றைப் பலகையில் பக்கவாட்டில் நின்றாடும் வேக்போர்டு இந்த வடத்தோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. 2011இல், 2020 ஒலிம்பிக்கில் சேர்க்கப் பரிசீலித்த எட்டு விளையாட்டுகளின் பட்டியலில் ஸ்குவாஷ், கராத்தே, வூஷூ போன்றவற்றுடன் வேக்போர்டும் இடம்பெற்றது. 2013இல் பட்டியல் சுருங்கியபோது உதிர்ந்தது.

இந்தியாவில் இந்த விளையாட்டின் பழைய முகவரி காஷ்மீர். ஸ்ரீநகரின் நிகீன் ஏரியில் பல பத்தாண்டுகளாகச் சுற்றுலாப் பயணிகள் சறுக்கியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் தால் ஏரியில் முதல் கேலோ இந்தியா நீர் விளையாட்டு விழா நடந்தது. துடுப்புப் படகு, கயாக், கனோ ஆகியவற்றுக்குப் பதக்கம். வாட்டர் ஸ்கீயிங் அங்கும் காட்சிப் பிரிவில்தான், சிகாரா ஓட்டத்தோடு சேர்த்து. கீல் நகரத்து ஏற்பாடு ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தால் ஏரியில் மறுபடி. படகோட்டுநர், உயிர்காப்பாளர் பயிற்சிக்கு 1990இல் கோவாவில் தொடங்கிய தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. தமிழர்க்குப் பக்கத்துக் கடற்கரையில் என்றால் இலங்கையின் பெந்தோட்டை. அங்கே கடலை ஒட்டி அமைதியாக ஓடும் ஆறு சறுக்குக்கு ஏற்றது. விடுதிகள் பல ஆண்டுகளாக இதை நடத்துகின்றன.

ஜீவனஹள்ளிக்கு மிக அருகிலுள்ள பெரிய நீர்நிலை, தெற்கே சுமார் 2 கி.மீ. தொலைவில் உள்ள அல்சூர் ஏரி. இரண்டாம் கெம்பே கவுடாவின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் ஏரி அது, பரப்பு 50 ஹெக்டேர் அளவு. கரையை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் இடம். தம்பி என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தப் படைவீரர்களும் அவர்களோடு வந்த குடும்பங்களுமே இந்தப் பகுதியில் தமிழ் வேரூன்றக் காரணமானவர்களில் முக்கியமானோர். சுற்றுலாத் துறையின் படகுகள் ஏரியில் ஓடியதுண்டு. அங்கே ஸ்லாலம் பாதை போட முடியுமா என்று காகிதத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம். 259 மீட்டர் பாதைக்கு இருபுறமும் வேகம் பிடிக்கவும் திரும்பவும் இடம் சேர்த்தால் ஏறத்தாழ 600 மீட்டர் நேர்நீளம் வேண்டும். ஏரியின் அளவு அதற்கு இடம் தரலாம், நடுவிலுள்ள தீவுகள் தராமல் போகலாம்.

நீளத்தைவிடக் கரைதான் பெரிய சிக்கல். ஓடும் படகு தன் இருபுறமும் அலைகளை விட்டுச்செல்கிறது. ஆழமான நீரில் அந்த அலைக்கூட்டம் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 19.5 பாகைக்குள் அடங்கும் என்று 1887இல் கெல்வின் பிரபு கணக்கிட்டார். இந்த அலைகள் சரிந்த மண்கரையில் ஏறினால் ஆற்றல் கரைந்து அடங்கிவிடும். செங்குத்தான கல்கரையில் மோதினால் திரும்பிவந்து ஏரி முழுதும் கொந்தளிப்பாகும். அடுத்த ஓட்டத்துக்குக் கண்ணாடிபோல் நீர் வேண்டும், அது கிடைக்காது. சறுக்குக்கென்று வெட்டிய ஏரிகளின் கரைகள் சாய்வாகவும் புல் வளர்ந்தும் இருப்பது இதற்காகத்தான். காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெங்களூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று ஓயாது. மற்ற மாதங்களில் விடியற்காலைதான் நல்ல நேரம்: தரை சூடாகிக் காற்று மேலெழத் தொடங்குவதற்கு முன்.

எல்லாவற்றுக்கும் மேலே நீரின் தரம். மழைநீர்க் கால்வாய்களோடு கழிவுநீரும் கலந்து வந்ததன் விளைவாக 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவிலுள்ள கரிமப்பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் கரைந்த ஆக்சிஜனைத் தின்றுவிடுவதே இத்தகைய சாவுகளின் வழக்கமான காரணம். துடுப்புப் படகில் போகிறவர் அந்த நீரைத் தொடாமல் திரும்பலாம். சறுக்குநரால் முடியாது; ஒவ்வொரு விழுதலிலும் மூக்கு, காது, வாய் வழியே நீர் பாய்கிறது. அதனால் இப்போதைக்கு இந்தப் பகுதி ஆர்வலர்கள் கற்றுக்கொள்ளக் கடற்கரைக்கோ தூரத்து அணைநீருக்கோ போக வேண்டியிருக்கிறது. போவதற்கு முன் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. தரையில் முழங்காலை மார்போடு மடக்கி உட்கார்ந்து, கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருப்பவர் மெல்ல இழுக்கும்போது கையை மடக்காமல் காலால் எழ வேண்டும். முதல்முறை வருபவர்களில் பெரும்பாலோர் கைகளை மடக்கி இழுப்பதாலும் அவசரப்பட்டு நிமிர்வதாலும்தான் விழுகிறார்கள்.